டூரிஸ்ட் பஸ் போகாத பக்கம் ஒரு நாள்: தீவு ட்ரிப்பை திரும்பி வர்ற நேரத்துல இருந்து பிளான் பண்றது எப்படி

மேப்ல பார்த்தா தீவு சின்னதாத்தான் தெரியும், அங்கதான் முதல்ல ஏமாறுவோம். இந்த முனைல இருந்து அந்த முனைக்கு 60 கிலோமீட்டர், அப்ப சாப்பிட்டுட்டு சாவகாசமா கிளம்பினா போதும்னு மனசு தானா கணக்கு போட்டுடும். நானும் அப்படி கணக்கு போட்டவன்தான். ஒரு தீவுல யாரும் அதிகமா போகாத அருவின்னு தேடிப் பிடிச்சு, காலைல 10:30க்கு கிளம்பி, வளைஞ்சு வளைஞ்சு போய் சேரவே 1:45 ஆயிடுச்சு, அங்க இருந்து முக்கால் மணி நேரம் நடை, தண்ணில கால் வெச்ச பத்தாவது நிமிஷம் மேகம் இறங்கி கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சு, ஒதுங்கி நின்னு நின்னு வழி முழுக்க சேத்துல வழுக்கி வண்டி நிறுத்தின இடத்துக்கு வந்தப்ப கும்மிருட்டு, போன்ல 7% சார்ஜ். ஒண்ணும் ஆகல, ரெண்டு முட்டி சிராய்ப்போட போச்சு. ஆனா ராத்திரி ரூம்ல உக்காந்து யோசிச்சப்பதான் தெரிஞ்சுது, தப்பு அருவிலயும் இல்ல மழையிலயும் இல்ல, நான் கணக்கு போட்ட திசைல இருக்கு. காலைல இருந்து முன்னாடி போட்டுட்டே போனேன், சாயங்காலத்துல இருந்து பின்னாடி போட்டிருக்கணும்.

இப்ப நான் எந்தத் தீவுக்குப் போனாலும் அப்படித்தான் பண்றேன். கூட்டம் இல்லாத பீச்சோ, இடிஞ்சு கிடக்குற பழைய கோட்டையோ, அலையாத்திக் காடோ, முறை ஒண்ணுதான். புதுசா போறவங்களுக்காக ஒவ்வொரு படியா சொல்றேன், சிலது நீளமா போகும், சிலது ரெண்டு வரில முடிஞ்சிடும்.

படி 1: இடத்தைப் பார்க்காதீங்க, பக்கத்தைப் பாருங்க

நடுவுல மலை இருக்குற தீவுக்கு "இன்னைக்கு வானிலை"ன்னு ஒண்ணு கிடையாது, பக்கத்துக்கு ஒரு வானிலை. காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் ஈரக்காத்து மலைல மோதி மேல ஏறி குளிர்ந்து மழையா கொட்டிடும், அந்தப் பக்கம் இறங்குறப்ப காஞ்ச காத்தாத்தான் இறங்கும். ஹவாயோட பெரிய தீவை எடுத்துக்கோங்க, கிழக்குல ஹிலோ ஊர்ல வருஷத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல மழை, மேற்குல கவாய்ஹே பக்கம் சுமார் 250 மி.மீ.தான், கிட்டத்தட்ட பாலைவனம். ஒரே தீவு, ஒரே நாள், கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டையும் பார்த்துடலாம்.

போன்ல இருக்குற வெதர் ஆப் பெரும்பாலும் ஏர்போர்ட் இருக்குற ஊரோட கணக்கைத்தான் காட்டும். நீங்க போற இடம் மலைக்கு அந்தப் பக்கம்னா அந்த நம்பரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, போற இடத்துக்குப் பக்கத்துல இருக்குற ஊர் பேரைப் போட்டுப் பாருங்க, கூடவே சேட்டிலைட் மேகப் படத்தையும் ரேடாரையும் காலைல ஒரு தடவை பாருங்க.

சீசனும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். இலங்கைல மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, அப்ப ஹிக்கடுவ, மிரிச பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும், அதே நேரம் திருகோணமலை பக்கம் கடல் அமைதியா கிடக்கும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அப்படியே தலைகீழ். இது தெரியாம "இந்த மாசம் சீசன் இல்ல"ன்னு மொத்தத் தீவையே ஒதுக்குறவங்க இருக்காங்க, அவங்க வராததும் நமக்கு ஒரு விதத்துல நல்லதுதான்னு வெச்சுக்கோங்க. புயல் சீசன் மட்டும் விளையாட்டு இல்ல. அட்லாண்டிக், கரீபியன் பக்கம் ஜூன் முதல் நவம்பர், மொரிஷியஸ், ரீயூனியன் இருக்குற தெற்கு இந்தியப் பெருங்கடல்ல நவம்பர் முதல் ஏப்ரல்.

இன்னொண்ணு. மலை உச்சி காலைல தெளிவா இருக்கும், வெயில் ஏற ஏற தரை சூடாகி ஈரக்காத்து மேல போய், மதியம் வாக்குல மேகம் மூடிடும், மழை நின்னு பெய்யும். நம்ம அருவி கதை இதுதான். கடல்லயும் அதே மாதிரி, காலைல கண்ணாடி மாதிரி இருக்குற தண்ணி மதியத்துக்கு மேல காத்து ஏறி கலங்கிடும். அப்ப மலையும் காலைல, ஸ்னார்க்லிங்கும் காலைல, ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சா எப்படி? வெக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு இடம். ரெண்டாவது இடம் போற வழில இருந்தா, நேரம் மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்.

படி 2: கூட்டம் போகாத இடத்தைக் கண்டுபிடிக்கிறது

"யாருக்கும் தெரியாத 10 இடங்கள்"னு வர்ற லிஸ்ட்ல இருக்குற இடம் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அதை விட்டுட்டு சேட்டிலைட் மேப்பைத் திறங்க. பிரபலமான பீச் எது, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற அடுத்த வளைகுடா எது, அங்க ரோடு எதுவரைக்கும் போகுது, ரோடு முடியிற இடத்துல இருந்து கடலுக்கு எவ்வளவு தூரம். ஒரு கிலோமீட்டர் நடக்கணும்னாலே பாதிக் கூட்டம் குறைஞ்சிடும், ரெண்டு கிலோமீட்டர்னா பெரும்பாலும் நீங்களும் நண்டும்தான்.

நடைபாதைக்கு கூகுள் மேப்ஸை மட்டும் நம்பாதீங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டால ஓடுற ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் மாதிரி ஆப்ல காட்டுப் பாதை புள்ளிக்கோடா வரும், உயரக் கோடும் வரும். கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, அவ்வளவுதான் விஷயம். ஆனா மேப்ல கோடு இருக்குங்கறதுக்காக தரைல பாதை இருக்கும்னு அர்த்தம் இல்ல, ஒரு சூறாவளி சீசன் போதும் காடு அதை முழுங்க.

ரிவ்யூ படிக்கிறதுலயும் ஒரு வழி இருக்கு. புதுசுல இருந்து பழசுன்னு வரிசைப்படுத்திட்டு, குறைஞ்ச ஸ்டார் குடுத்தவங்க எழுதினதை முதல்ல படிங்க. "கடை ஒண்ணும் இல்ல, ரோடு மோசம், டாய்லெட் இல்ல"ன்னு திட்டி இருந்தா அது நமக்கான இடம். "ஆத்தைத் தாண்ட முடியல, திரும்பிட்டோம்", "அலை இழுத்துச்சு", "வண்டிய உடைச்சு பொருள் எடுத்துட்டாங்க"ன்னு இருந்தா அது வேற, அதை எழுதி வெச்சுக்கோங்க.

தங்குற இடத்துல கேக்குறப்ப "பார்க்க நல்ல இடம் எது"ன்னு கேட்டா எல்லாருக்கும் சொல்ற அதே அஞ்சு இடத்தைத்தான் சொல்லுவாங்க. "உங்களுக்கு லீவு கிடைச்சா நீங்க எங்க போவீங்க"ன்னு கேளுங்க, முகமே மாறும். அடுத்து "இந்த மாசம் அங்க போலாமா, மழை பேஞ்சா அந்த ரோடு எப்படி இருக்கும்". இந்த ரெண்டாவது கேள்வியை நிறைய பேர் கேக்குறதே இல்ல.

இடம் முடிவு பண்ணதும் எதிர்ப் பக்கத்துல ஒரு மாற்று இடத்தையும் குறிச்சு வையுங்க. காலைல ரேடார்ல நீங்க போற பக்கம் மழைன்னா புலம்பாம காஞ்ச பக்கம் போயிடலாம்.

படி 3: போக விடுவாங்களா

பாதை இருக்குறதும் அனுமதி இருக்குறதும் ஒண்ணு இல்ல. ஹவாயோட கவாய் தீவுல கலாலாவ் பாதைல முதல் 2 மைல், அதாவது ஹனகாபியாய் வரைக்கும் பகல்ல போயிட்டு வரலாம், அதுக்கு மேல பெர்மிட் வேணும், வெளி மாநிலம், வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்த பார்க்குக்குள்ள போகவே முன்பதிவு வேணும். அந்தமான்ல பழங்குடிகளோட காப்புப் பகுதிக்குள்ள போறது 1956ல வந்த பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அங்க "யாரும் போகாத பக்கம்" தேடுற வேலையே வேண்டாம். ரீயூனியன்ல பிட்டோன் டி லா ஃபூர்னெய்ஸ் எரிமலை பொங்க ஆரம்பிச்சா உள் வட்டத்துக்குப் போற பாதையை மூடிடுவாங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு பிளாக் படிக்காம பார்க், வனத்துறை, சுற்றுலாத்துறை பக்கத்தை நேரா பாருங்க, அதுவும் போறதுக்கு முந்தின நாள். தனியார் தோட்டத்து வழியா போற பாதைன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க, கேட்டா பெரும்பாலும் விடுவாங்க, சில சமயம் வழி காட்ட ஆளும் கிடைக்கும்.

படி 4: பின்னாடி இருந்து கணக்கு

இந்தப் படியை மட்டும் பொறுமையா படிங்க.

வெப்ப மண்டலத்துல வருஷம் முழுக்க பகல் கிட்டத்தட்ட 11ல இருந்து 13 மணி நேரம்தான், கோடை வந்தா பகல் நீளும்ங்கிற கணக்கெல்லாம் பெருசா இல்ல. அது போதாதுன்னு சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குறதால அந்திப் பொழுதும் குறைவு, சூரியன் மறைஞ்ச 20, 25 நிமிஷத்துல கண்ணு தெரியாது. மரம் அடர்ந்த காட்டுக்குள்ள அதுக்கும் முன்னாடியே இருட்டிடும். மணி எத்தனைங்கிறதும் தீவைப் பொறுத்தது. அந்தமான்ல இந்திய நேரம்தான் ஓடுது, ஆனா தீவு ரொம்ப கிழக்குல இருக்கு, அதனால நவம்பர், டிசம்பர்ல 5 மணி வாக்குலயே சூரியன் மறைஞ்சிடும். ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்னு பழக்கத்துல நினைச்சுட்டு போனா மாட்டிப்பீங்க. அதனால முதல் வேலை, போற தேதிக்கு அந்த இடத்தோட சூரிய மறைவு நேரத்தை எழுதுறது.

அடுத்து ரோடு. மேப் ஆப் சொல்ற நேரத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. ஹவாயோட மாவி தீவுல ஹானா போற ரோடு கஹுலுய்ல இருந்து சுமார் 83 கிலோமீட்டர்தான், ஆனா 600க்கு மேல வளைவு, 50க்கு மேல பாலம், அதுல பெரும்பாலானது ஒரு வண்டி மட்டும் போற பாலம், நிக்காம போனாலே ஒரு பக்கத்துக்கு ரெண்டரை மணி நேரம் ஆயிடும். ரீயூனியன்ல சிலாவோஸ் போற ரோட்டுக்கு 400 வளைவு ரோடுன்னே பேர். நான் போடுற கணக்கு, நல்ல ரோடுன்னா மணிக்கு 30 கிலோமீட்டர், மண் ரோடோ குழி ரோடோன்னா மணிக்கு 20. ரொம்ப கம்மியா தெரியும், போய்ப் பாருங்க, சரியா வரும்.

நடைக்கு 1892ல நெய்ஸ்மித்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட ஒரு கணக்கு இன்னைக்கும் உபயோகம் ஆகுது. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு 1 மணி நேரம். அவர் நடந்தது குளிர்ந்த மலைல. சேறும் வேரும் புழுக்கமும் இருக்குற காட்டுக்கு அதை ஒன்றரையால பெருக்கிக்கோங்க.

இப்ப ஒரு உதாரணம் போடலாம். சூரிய மறைவு 6:10. அருவிக்கு நடை ஒரு பக்கம் 4 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏத்தம். மெயின் ரோட்டுல இருந்து நடை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் மண் ரோடு 13 கிலோமீட்டர், அதாவது 40 நிமிஷம். ரூம்ல இருந்து மெயின் ரோட்டுல 50 கிலோமீட்டர், 1 மணி 40 நிமிஷம்.

மண் ரோட்டை வெளிச்சத்துல முடிச்சு 5:30க்கு மெயின் ரோட்டுக்கு வந்துடணும். அப்ப வண்டி நிறுத்தின இடத்துல இருந்து 4:50க்கு கிளம்பணும். இறங்குற நடை, 4 கிலோமீட்டருக்கு 48 நிமிஷம், ஒன்றரையால பெருக்கினா 1 மணி 12 நிமிஷம், 1:15ன்னு வெச்சுக்கலாம். அப்ப அருவில இருந்து 3:35. அதுல இருந்து 1 மணி நேரம் சும்மா கழிச்சிடுங்க, கால் சுளுக்கினதுக்கும் வழி தவறினதுக்கும் டயர் பஞ்சர் ஆனதுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான். 2:35. இதுதான் உங்க திரும்பும் நேரம். பேனால கைல எழுதிக்கோங்கன்னு சொன்னா சிரிப்பீங்க, நான் எழுதுவேன்.

அங்க இருந்து இன்னும் பின்னாடி போங்க. அருவில ஒன்றரை மணி நேரம் இருக்கணும்னா 1:05க்கு சேரணும், ஏறுற நடை 2 மணி நேரம், அப்ப 11:05க்கு நடக்க ஆரம்பிக்கணும், மண் ரோடு 40 நிமிஷம், 10:25, மெயின் ரோடு, 8:45, நடுவுல நிக்கிறதுக்கு அரை மணி நேரம், 8:15க்கு கிளம்பணும். ஆனா மலைல மதியம் வாக்குல மேகம் வரும்னு படி 1ல பார்த்தோம். அதனால மொத்தத்தையும் 2 மணி நேரம் முன்னாடி தள்ளுங்க, 6:15க்கு கிளம்புங்க, 11:05க்கு அருவி, 12:35க்கு திரும்பிடுங்க, மழை பெய்யுறப்ப நீங்க பாதி இறங்கி இருப்பீங்க. முதல் தடவை நான் கிளம்பினது 10:30க்குன்னு சொன்னேனே, நாலே கால் மணி நேரம் லேட்.

போற வழில லேட் ஆச்சுன்னா அங்க இருக்குற நேரத்தைத்தான் குறைக்கணும், திரும்பும் நேரத்தை நகர்த்தக் கூடாது. அருவி இன்னும் பத்து நிமிஷம்தான்னு எதிர்ல வர்றவர் சொன்னாலும் சரி. அந்தப் பத்து நிமிஷம் எப்பவும் அரை மணி நேரம்.

படி 5: கடல் பக்கம் போறீங்கன்னா டைடு

சூரியனுக்கு அடுத்து ரெண்டாவது கடிகாரம் இது. பெரும்பாலான இடத்துல கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம். அதனால தினமும் 50 நிமிஷம் வாக்குல தள்ளிப் போகும், நேத்து போனவங்க சொன்ன நேரம் இன்னைக்கு செல்லாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் அதிகம் இறக்கமும் அதிகம்.

தண்ணி ஒரே வேகத்துல ஏறாதுங்கிறதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். ஆறு மணி நேர ஏத்தத்துல முதல் மணில பன்னிரண்டுல ஒரு பங்குதான் ஏறும், ரெண்டாவது மணில ரெண்டு பங்கு, மூணாவதும் நாலாவதும் மூணு மூணு பங்கு, அப்புறம் ரெண்டு, ஒண்ணு. அதாவது நடு ரெண்டு மணி நேரத்துல பாதிக் கடல் ஏறிடும். பாறை முனையைச் சுத்தி நடந்து அடுத்த பீச்சுக்குப் போறவங்க மாட்டுறது இங்கதான், போறப்ப கணுக்கால் அளவு, திரும்புறப்ப இடுப்பு அளவு, கூடவே அலை. அதனால கடல் முழுசா வத்துறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி போங்க, வத்தி ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பிடுங்க.

சில இடம் வத்தின கடல்லதான் பார்க்கவே முடியும், அந்தமான்ல நீல் தீவுல இருக்குற இயற்கைப் பாறைப் பாலம் அப்படித்தான், ஏத்தத்துல போனா பாதிப் பாறைதான் தெரியும். இதுல ஒரு வேடிக்கை தஹிதி. அங்க நிலாவால வர்ற ஏத்த இறக்கம் கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லாம சூரியனால வர்றது மட்டும் தெரியும், அதனால தினமும் மதியமும் நடு ராத்திரியும் வாக்குலதான் ஏத்தம், அதுவும் ஒரு அடி அளவுக்கு. மத்த தீவுக்கெல்லாம் டைடு டேபிள் பார்த்தே ஆகணும், பக்கத்துத் துறைமுகத்தோட டேபிளா உங்க பீச்சோட டேபிளான்னும் பாருங்க.

படி 6: எதுல போறது

ஸ்கூட்டர்தான் எல்லாரும் எடுக்குறது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்ல டூவீலர் வகுப்புக்கு முத்திரை இருக்கான்னு பாருங்க, கார் லைசென்ஸ் மட்டும் வெச்சுட்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தா டிராவல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கை விரிச்சிடும். வண்டி எடுக்குறப்ப கீறல், சொட்டை எல்லாத்தையும் கடைக்காரர் முன்னாடியே வீடியோ எடுங்க, பிரேக், ஹெட்லைட், ஹாரன், டயர் பாருங்க. வாழ்க்கைல ஸ்கூட்டரே ஓட்டாதவங்க மலை ரோட்டுல கத்துக்காதீங்க. பெட்ரோல் டேங்க் பாதி ஆனா திரும்புங்க, கூட்டம் இல்லாத பக்கம்னா பங்க்கும் இல்லாத பக்கம்தான்.

பஸ்ஸுன்னா கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு, அதுக்கு முந்தின பஸ்ஸை உங்க கடைசி பஸ்ஸா வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஓடுதான்னும் கேளுங்க. தீவைச் சுத்தி ஒரே ரோடுன்னா பஸ் ரொம்ப வசதி, குக் தீவுகள்ல ராரோடோங்காவுல சுத்து ரோடு 32 கிலோமீட்டர்தான், தீவைக் குறுக்கால நடந்து வடக்குல ஆரம்பிச்சு தெற்குல இறங்கி பஸ் பிடிச்சு வந்துடலாம், வந்த வழியே திரும்ப நடக்குற வேலை மிச்சம்.

படகுல இன்னொரு குட்டித் தீவுக்குப் போறீங்கன்னா, அடுத்த நாள் உங்களுக்கு ஃபிளைட் இருக்கக் கூடாது. கடல் சரியில்லன்னா படகு நிக்கும், யார்கிட்டயும் சண்டை போட முடியாது. லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒண்ணு இருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடி எண்ணுங்க.

படி 7: பை

நடக்குற ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ஒரு லிட்டர் உபரி. ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். போன் டார்ச்சை நம்பாம தனியா ஒரு ஹெட்டார்ச். பவர் பேங்க், விசில், மெல்லிசா ஒரு மழைக்கோட்டு, தண்ணி புகாத பை ஒண்ணு, சில்லறை நோட்டு, பிளாஸ்டர், கொசு மருந்து. டெங்கு கொசு பகல்ல கடிக்கிறது, அதனால ராத்திரி பூசிக்கலாம்னு வெக்காதீங்க. காலுக்கு செருப்பு வேண்டாம், பின்னாடி பிடிப்பு இருக்குற ஷூவோ சாண்டலோ. சன்ஸ்கிரீன் லேபிளைப் படிங்க, பவளப்பாறைக்குக் கெடுதல்னு ஆக்ஸிபென்சோன் இருக்குறதை பலாவுல 2020 ஜனவரில இருந்தும், ஹவாய்ல அதை விக்கிறதை 2021 ஜனவரில இருந்தும் தடை பண்ணி இருக்காங்க. முழுக்கை சட்டை போட்டா பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு.

மேப்பை முந்தின நாள் ராத்திரியே வைஃபைல டவுன்லோடு பண்ணிடுங்க. கூகுள் ஆஃப்லைன்ல கார் வழி காட்டும், நடை வழி காட்டாது, அதுக்குத்தான் இன்னொரு ஆப் சொன்னேன். நடுவுல சிக்னல் போனதும் போனை ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க, இல்லன்னா டவரைத் தேடித் தேடியே சார்ஜ் காலி ஆயிடும், ஜி.பி.எஸ். அதுலயும் வேலை செய்யும்.

படி 8: போய் சேர்ந்ததும் உடனே இறங்காதீங்க

கூட்டம் இல்லாத பீச்சுன்னா லைஃப்கார்டும் இல்லாத பீச்சு. கரைல 15, 20 நிமிஷம் உக்காந்து கடலைப் பாருங்க. பெரிய அலை கூட்டம் கூட்டமா வரும், நடுவுல அமைதியா இருக்கும், அந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துதான் பாறை மேல போட்டோ எடுக்க ஏறுறாங்க. பாறை ஈரமா இருந்தா அலை அங்க வரைக்கும் வருதுன்னு அர்த்தம்.

ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல மட்டும் அமைதியா ஒரு பட்டை, தண்ணி கொஞ்சம் கலங்கலா கடல் பக்கம் போகுதுன்னா அது இழுக்குற நீரோட்டம். புதுசா வர்றவங்க குளிக்க வசதின்னு அதைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. மாட்டிட்டா கரையை நோக்கி எதிர் நீச்சல் போடாதீங்க, அதுல யாராலயும் ஜெயிக்க முடியாது, மிதங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளிய வந்து அப்புறம் கரைக்கு வாங்க. நல்லா நீந்தத் தெரியாதுன்னா இடுப்பளவுக்கு மேல போகவே வேண்டாம்.

ஆழம் இல்லாத தண்ணில காலைத் தூக்கி வெக்காம இழுத்து இழுத்து நடங்க, மணல்ல புதைஞ்சு கிடக்குற திருக்கை விலகிப் போயிடும். பவளப் பக்கம் ஷூ இல்லாம இறங்காதீங்க, கல்லு மாதிரியே கிடக்குற ஸ்டோன்ஃபிஷ் முள்ளு ஏறினா உயிர் போற வலி, தோல் வெந்து போகாத அளவுக்கு தாங்குற சூட்டுத் தண்ணில, 45 டிகிரிக்கு மேல போகாம, காலை வெச்சுட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அழகா இருக்குற கூம்பு மாதிரி சங்கை கைல எடுக்காதீங்க, சிலது விஷ ஊசி போடும். ஹவாயோட ஓஹாவு தீவோட தெற்குக் கரைல பௌர்ணமி முடிஞ்சு 8ல இருந்து 10 நாள்ல பாக்ஸ் ஜெல்லி மீன் வரும்னு காலண்டரே போட்டு வெச்சிருக்காங்க, இந்த மாதிரி உள்ளூர்க் கணக்கு எங்க போனாலும் ஒண்ணு இருக்கும், கேட்டுக்கோங்க.

ஆத்துலயும் அருவிலயும் வேற கணக்கு. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கலாம், மேல மலைல மழை பெஞ்சா தண்ணி திடீர்னு வரும். தண்ணி நிறம் பழுப்பா மாறுது, இலை, குச்சி அடிச்சுட்டு வருது, சத்தம் மாறுதுன்னா பையைக்கூட எடுக்காம மேட்டுக்கு ஏறிடுங்க. நடுவுல ஆத்தைத் தாண்டிப் போற பாதைன்னா, ஆறு ஏறி இருந்தா தாண்டாதீங்க, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உக்காந்து காத்திருங்க, மலை ஆறு ஏறின வேகத்துலயே பல சமயம் இறங்கியும் விடும். கால்ல வெட்டுக்காயம் இருந்தா மழைக்கு அப்புறம் கலங்கின ஆத்துத் தண்ணில இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் வர்ற வழி அது.

கழிமுகம், அலையாத்திக் காடு இருக்குற இடத்துல முதலை இருக்கான்னு கேளுங்க, அந்தமான்ல இருக்கு. தென்னை மரத்தடில பாய் விரிக்காதீங்க. கரீபியன் பக்கம் போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு, பீச் ஓரத்துல மஞ்சினீல்னு ஒரு மரம், சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி பழம், அதை வாயில வெக்காதீங்க, மழைக்கு அதுக்கு அடில ஒதுங்கவும் செய்யாதீங்க, சொட்டுற தண்ணில பால் கலந்து தோல் கொப்புளிச்சிடும். பல இடத்துல சிவப்புப் பட்டை அடிச்சு வெச்சிருப்பாங்க.

படி 9: ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க

தனியா போறவங்களுக்கு இது கட்டாயம், ஜோடியா போறவங்களுக்கும்தான். தங்குற இடத்துல ஒருத்தர்கிட்டயோ வீட்டுலயோ மூணு விஷயம் சொல்லணும். எங்க போறேன், மேப்ல குறிச்ச ஸ்கிரீன்ஷாட்டோட. எத்தனை மணிக்கு அங்க இருந்து திரும்புவேன். எத்தனை மணி வரைக்கும் என்கிட்ட இருந்து சத்தம் இல்லன்னா யாருக்கு போன் பண்ணணும். மூணாவது இல்லாம முதல் ரெண்டு சும்மா தகவல்தான். நம்ம உதாரணத்துல சூரிய மறைவு 6:10, அப்ப 8 மணின்னு சொல்லலாம். அந்த ஊர் அவசர நம்பரை பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, பல நாட்டுல மொபைல்ல இருந்து 112 அடிச்சாலும் உள்ளூர் உதவிக்குப் போகும்.

முதல் தடவைன்னா ரூம்ல இருந்து 15, 20 கிலோமீட்டருக்குள்ள அரை நாள் இடமா எடுத்துக்கோங்க. போட்ட கணக்கையும் நிஜமா ஆன நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, மண் ரோட்டுல உங்க வேகம் என்ன, புழுக்கத்துல உங்க நடை என்னன்னு ரெண்டு ட்ரிப்லயே தெரிஞ்சிடும், அப்புறம் என்னோட 30, 20, ஒன்றரை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு உங்க நம்பரை வெச்சுக்கலாம். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் குளிக்கப் போறதுக்கு முன்னாடி, காலைல சொல்லிட்டுப் போன ஆளுக்கு "வந்துட்டேன்"னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க, நான் ஒரு தடவை மறந்து தூங்கிட்டு எட்டரை மணிக்கு கதவைத் தட்ட ஆள் வந்து நின்னாங்க.